மண்புழு தின்றதும் தின்னாததும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பேருந்து அரியாங்குப்பத்தைக் கடந்து, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் சற்று நேரத்தில் தவளக்குப்பம் வந்துவிடும். அங்கிருந்து மேற்கே போனால் அபிஷேகப்பாக்கம், அதற்கப்பால் நரசிம்மர் கோயில் கொண்ட சிங்கிரிகுடி. கிழக்கே பூரணாங்குப்பம், நல்லவாடு, பிறகு கடல். 1954 வரை தவளக்குப்பம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பக்கத்துச் சிங்கிரிகுடியை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். இன்று அது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் வேறு, காசு வேறு. வயலுக்கு எரு சேர்த்த விதம் மட்டும் ஒன்றுதான்.

கொல்லைப்புறத்தில் ஒரு குழி. தொழுவத்துச் சாணி, மாடு தின்னாமல் ஒதுக்கிய வைக்கோல், அடுப்புச் சாம்பல், உதிர்ந்த இலை தழை, காய்கறித் தோல் எல்லாம் அன்றாடம் அதற்குள் போகும். கோடை உழவு முடிந்ததும் குழியை வெட்டி, வண்டியில் ஏற்றி, வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டுவார்கள். ஆண்டு முழுக்க அடியில் கிடந்த எரு கறுத்து, நாற்றம் போய், கையில் எடுத்தால் உதிரும். அதைக் கிளறும்போது சிவந்த புழுக்கள் நெளியும். அவற்றை யாரும் வாங்கி வந்து விட்டதில்லை, எடை போட்டதில்லை. மழை நாளில் தூண்டில் போடப் போகிற பையன்கள் மட்டும் கொட்டாங்குச்சியில் பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பழந்தமிழில் நாங்கூழ் என்று பெயர் பெற்ற இந்த உயிர், எருக்குழியில் கூலி கேட்காத வேலையாளாகவே இருந்து வந்தது.

அந்தக் குழிக்குள் போனதெல்லாம் மட்கக்கூடியது. மண்புழுவின் பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

புழுவுக்கு அறிவியல் பெயர் சூட்டிய வேலையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்குண்டு. இன்று உலகெங்கும் உரத்தொட்டிகளில் வளர்க்கப்படும் எய்சீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழுவை 1826இல் விவரித்தவர் சாவினி. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன விலங்கியலாளர் அவர். அதே 1826இல்தான் புதுச்சேரியில் தாவரவியல் பூங்கா தொடங்கியது. நம் ஊர் எருக்குழிகளில் சாதாரணமாகக் காணப்படும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் புழுவை 1872இல் விவரித்த எத்மோன் பெரியேவும் பிரெஞ்சுக்காரர். அவர் கைக்கு வந்த புழு இன்றைய தெற்கு வியட்நாமிலிருந்து போனது. தமிழ்நாட்டு வயல்களில் மிகப் பரவலாக இருக்கும் லாம்பிட்டோ மாரிட்டியை ஸ்வீடன்காரர் கின்பெர்க் விவரித்தது 1860களில். அவருக்குக் கிடைத்த மாதிரி மொரீஷியஸ் தீவிலிருந்து வந்தது. கப்பலில் செடி போனால் வேரோடு மண் போகும், மண்ணோடு புழுவும் அதன் முட்டைக்கூடும் போகும். கடல் தாண்டிய புழு இனங்கள் பலவும் இப்படித்தான் பரவின.

மண்புழுவை உலகம் மதிப்போடு பார்க்கத் தொடங்கியது 1881இல். சார்லஸ் டார்வின் சாவதற்கு ஆறேழு மாதம் முன்பு வெளியிட்ட கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது. 1837லேயே லண்டன் புவியியல் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசியவர், நாற்பது ஆண்டுக்கும் மேலாக அதை விடாமல் கவனித்திருக்கிறார். அந்த நூலில் நீலகிரியிலிருந்து போன ஒரு புழுமண் குவியலின் படம், இயற்கை அளவிலேயே அச்சாகியிருக்கிறது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் ஜார்ஜ் கிங் அனுப்பி உதவிய தகவல்களும் அதில் உண்டு. ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன் அளவுக்கு மண் இந்தப் புழுக்களின் உடல் வழியே போய் மேலே வருகிறது என்று டார்வின் கணக்குச் சொன்னபோது பலருக்கு வியப்பு. உழவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

ஆனால் உரத் தயாரிப்பு ஒரு முறையாக எழுதப்பட்டபோது அதில் மண்புழு இடம்பெறவில்லை. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட், எஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய இந்தூர் முறை, குவியலைக் கிளறிக் கிளறிச் சூடேற்றுவது. பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939இல் வகுத்த பெங்களூர் முறை, நகரக் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகப் பரப்பி மூடி வைப்பது. நகரக் கழிவில் இருக்கும் கிருமியைக் கொல்லச் சூடு வேண்டும் என்பது அக்காலத்து நியாயம். அந்தச் சூட்டில் மண்புழு பிழைக்காது. முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனாலே பெரும்பாலான இனங்கள் தடுமாறும். நன்றாகப் புகையும் எருக்குவியலோ ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டும்.

பிறகு பசுமைப் புரட்சி வந்தது. 1960களின் கடைசியில் குட்டை நெல் வந்தபின் யூரியா மூட்டை எருக்குழியின் இடத்தைப் பிடித்தது. டிராக்டர் வந்து மாடு குறைந்தது, மாடு குறையச் சாணி குறைந்தது. தவளக்குப்பத்துக்குத் தெற்கே, கடலூரைத் தாண்டி, 1980களில் சிப்காட் இரசாயனத் தொழிற்பேட்டை எழுந்தது. புதுச்சேரி நகரமும் வளர்ந்து வளர்ந்து குப்பையைப் புறநகரில் கொட்டத் தொடங்கியது. கொல்லைக் குழியில் இருந்தது சாணியும் தழையும் மட்டுமே. நகரக் குப்பையில் வாழையிலையோடு பேட்டரிக் கட்டையும், சாம்பார் சோற்றோடு உடைந்த டியூப்லைட்டும், பூ மாலையோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து கிடந்தன. அழுகும் பொருளும் நஞ்சும் பிரிக்க முடியாமல் ஒன்றுகலந்த இந்தப் புதுக் கழிவுக்கு முன்னால்தான் அறிவியலாளர்கள் மண்புழுவைத் திரும்பத் தேடிப் போனார்கள்.

டார்வின் நூலின் நூற்றாண்டான 1981இல் இங்கிலாந்தில் மண்புழுச் சூழலியல் மாநாடு கூடியது. மறு ஆண்டு, 1982இல், பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ராதா காலேயும் உடன் உழைத்தவர்களும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் புழுவைக் கொண்டு கரிமக் கழிவைப் பயன்படுத்தும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒடிசாவின் சம்பல்பூர் பல்கலைக்கழகத்தில் எம். சி. தாஷ், பிக்ரம் சேனாபதி போன்றவர்கள் 1980களின் நடுவில் இதற்காகவே தேசியக் கருத்தரங்கு நடத்தினார்கள். சென்னை நியூ காலேஜில் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களின் பக்கம் நின்றார். ஆப்பிரிக்கப் புழுவையும் ஐரோப்பியப் புழுவையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம், உங்கள் ஊர் ஈர மண்ணில் சாணியும் வெல்லமும் கரைத்துத் தெளித்துச் சாக்கால் மூடி வைத்தால் உங்கள் புழு தானே மேலே வரும் என்று உழவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 2021இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக்குழுவில் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். விஞ்ஞானத்தைக் கிராமத்துத் திண்ணை வரை கொண்டுபோன மனிதர்கள் சிலரே. அவர்களில் இவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

இப்படி உருவான தொழில் எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் அதன் நுணுக்கம் தெரியும். கீற்றுக் கொட்டகைக்குள் மூன்றடி, நான்கடி அகலத்தில் நீளமான தொட்டி. அடியில் உடைந்த செங்கல்லும் மணலும், அதன்மேல் தேங்காய் மட்டை. பிறகுதான் தீனி. அதுவும் பச்சையாகப் போகாது. இரண்டு மூன்று வாரம் தனியாகக் குவித்து, சூடு ஏறி இறங்கிய பிறகே உள்ளே போகும். புழுவை விடுமுன் தொட்டிக்காரர் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிவார். விரலிடுக்கில் ஈரம் கசிந்து ஒரு சொட்டு மட்டும் விழ வேண்டும். தாரையாக வழிந்தால் தண்ணீர் அதிகம்; பிடி உதிர்ந்துபோனால் போதாது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோல் ஈரமாக இருந்தால்தான் அதன் வழியே மூச்சு விடும். எறும்பு ஏறாமல் தொட்டியைச் சுற்றி நீர்க்கால், மேலே நனைந்த கோணிச் சாக்கு. ஐம்பது, அறுபது நாளில் மேல்மட்டத்தில் தேயிலைத் தூள் போலக் கறுத்த குருணை சேரும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிறுத்தினால் புழு கீழே இறங்கிவிடும், மேலே உள்ளதை அள்ளிச் சலிக்கலாம்.

புழுவை விட்ட அன்று ராத்திரி அவை தீனிக்குள் இறங்காமல் தொட்டிச் சுவரில் ஏறி வெளியே போகப் பார்த்தால், தீனியில் ஏதோ தப்பு இருக்கிறது என்று பொருள். அம்மோனியா கூடியிருக்கும், அல்லது உப்பு, அல்லது சூடு, அல்லது வேறு நஞ்சு. அனுபவசாலிகள் இதைக் கண்டதும் தொட்டியைக் கலைத்துவிடுவார்கள். இதே உணர்வை அறிவியலும் பயன்படுத்திக்கொண்டது. புதிய இரசாயனம் மண்ணுக்கு எவ்வளவு கெடுதி என்று பார்க்க, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984இல் வகுத்த 207ஆம் எண் சோதனை முறையில், இரசாயனம் கலந்த மண்ணில் எய்சீனியா ஃபெட்டிடாவை விட்டு எத்தனை சாகின்றன என்று எண்ணுகிறார்கள். நஞ்சை அகற்றப் புழுவை நம்பிய அதே ஆண்டுகளில் நஞ்சை அளக்கவும் அதையே நம்பினார்கள்.

தவளக்குப்பத்திலிருந்து தெற்கே போனால் கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பம். 1840களிலேயே பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை எழுந்த ஊர். புதுச்சேரிப் பகுதியின் அரியூரிலும் லிங்காரெட்டிப்பாளையத்திலும் ஆலைகள் இருந்தன. கரும்புச் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் பிரஸ்மட் என்ற கறுப்புச் சேறு மலைமலையாகச் சேரும். சூடாக இருக்கும், துர்நாற்றம் அடிக்கும், மெழுகுப் பசை உண்டு. பச்சையாக வயலில் கொட்டினால் பயிருக்கு ஆகாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் கே. பார்த்தசாரதியும் எல். எஸ். ரங்கநாதனும் இந்தச் சேற்றை லாம்பிட்டோ மாரிட்டி, ஆப்பிரிக்க இனமான யூட்ரிலஸ் யூஜினியே புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புழுமண்ணில் நுண்ணுயிர்களும் நொதிகளும் எத்தனை நாள் செயலோடு இருக்கின்றன, அதனால் தழை, மணி, சாம்பல் சத்துகள் எப்படி மாறுகின்றன என்ற அவர்கள் கட்டுரை 1999இல் வந்தது. புதுச் சேறு புழுவுக்கு ஆகாது, ஆறப்போட்டுப் பதப்படுத்திய பிறகே தர வேண்டும் என்பது இந்தத் துறைக்குச் சீக்கிரமே கிடைத்த பாடம்.

அதே பாரிக் குடும்பத்தின் தேயிலைத் தோட்டங்களில், வால்பாறைப் பக்கம், 1990களில் இன்னொரு முயற்சி. பிரான்ஸின் மண்ணியலாளர் பாத்ரிக் லாவெல்லும் சம்பல்பூர் சேனாபதியும் தேயிலை வரிசைகளுக்கு நடுவே பள்ளம் வெட்டி, கவாத்துக் கழிவையும் சாணியையும் நிரப்பி, மண்புழுவை விட்டார்கள். பல்லாண்டு இரசாயன உரத்தால் களைத்த மண்ணில் விளைச்சல் ஏறியது. அதற்குக் காப்புரிமையும் பதிவானது. எருக்குழியில் பேர் தெரியாமல் கிடந்த புழு, காப்புரிமைப் பத்திரம் வரை போன கதை இது.

தவளக்குப்பத்துக்கு வடக்கே, நகரத்தைத் தாண்டினால் காலாப்பட்டில் 1985இல் உருவான புதுவைப் பல்கலைக்கழகம். அங்கே எஸ். ஏ. அப்பாசியின் தலைமையில் நடந்த வேலை இந்தக் கதையின் முக்கியமான கட்டம். அவர்கள் எடுத்துக்கொண்ட கழிவு யாருமே தீனியாக நினைக்காதது: களைகள். ஏரியையும் வாய்க்காலையும் மூடும் ஆகாயத்தாமரை, குளக்கரையில் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்கு, வேலியோரத்து உண்ணிச்செடி, பார்த்தீனியம்.

2001இல் எஸ். கஜலட்சுமி, அப்பாசி முதலியோர் வெளியிட்ட ஆய்வில் நான்கு புழு இனங்கள் அக்கம்பக்கமாகப் போட்டிக்கு நின்றன. இரண்டு மேல்மட்டத்தில் வாழ்பவை, யூட்ரிலஸ் யூஜினியேயும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும். இரண்டு வளை தோண்டிக் கீழே இறங்குபவை, லாம்பிட்டோ மாரிட்டியும் டிராவிடா வில்சியும். தீனி, ஆறு பங்கு ஆகாயத்தாமரைக்கு ஒரு பங்கு சாணி. சாணியே பெரும்பங்காக இருந்த வழக்கத்தை இது தலைகீழாக்கியது. நான்கு இனமுமே தின்றன. மாதம் ஏற ஏறப் புழுமண்ணும் கூடியது. முதலிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸுக்கு, அடுத்தது பெரியோனிக்ஸ். சாணியே இல்லாமல் களையை மட்டும் நேரடியாகத் தரும் சோதனைகளும் பின்னர் அங்கு நடந்தன. மாடு குறைந்துபோன கிராமத்துக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் இன்னும் கடினமானவை. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். 1950களில் புனேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் பட்டவர் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். இரண்டுமே பக்கத்துச் செடியை முளைக்கவிடாத வேதிப்பொருள்களைச் சுரப்பவை. அவற்றை அப்படியே வெட்டிப் போட்டு எருவாக்கினால் பயிர் பாதிக்கும். 2015இல் நசீர் உசேன், தஸ்னீம் அப்பாசி, எஸ். ஏ. அப்பாசி ஆகியோர் உண்ணிச்செடி இலையைப் புழுவுக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் அதன் வேதிக் கட்டமைப்பை நுண்கருவிகளால் ஆராய்ந்தார்கள். நச்சுக்குக் காரணமான ஃபீனால்களும் செஸ்க்விடெர்பீன் லாக்டோன்களும் பெருமளவு சிதைந்திருந்தன. அந்த உரத்தில் போட்ட உணவுப் பயிர் விதைகள் முளைத்தன, வளர்ந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் நெய்வேலிக் காட்டாமணக்கிலும் பார்த்தீனியத்திலும் இதே மாதிரி முடிவு கிடைத்தது.

புழு தனியாக இதைச் செய்வதில்லை. அதன் அரைக்கும் குடல் இலையை நொறுக்குகிறது. அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் பூஞ்சையும் நச்சு மூலக்கூறுகளை உடைத்துத் தங்கள் உணவாக்கிக்கொள்கின்றன. புழு போகும் வழியெல்லாம் காற்று புகுவதால் வெளியிலும் அந்த வேலை தொடர்கிறது. கரிமத்தால் ஆன நஞ்சு என்றால் உடைக்கலாம். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. ரவீந்திரனும் ஜி. சேகரனும் தோல் தொழிற்சாலையில் சுரண்டி எடுக்கப்படும் சதைக் கழிவைச் சாணி முதலியவற்றோடு கலந்து முதலில் நொதிக்கவைத்து, பிறகு எய்சீனியாவுக்குத் தந்து 2008இல் வெளியிட்ட ஆய்வும் அதே வழியில் போனது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சாக்கடைச் சேற்றில் புழுவை விட்டபோது ஆறே நாளில் சால்மொனெல்லா முதலான கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் பன்மடங்கு குறைந்ததாக 2001இல் எழுதினார்கள். ஆச்சார்யா காலத்தில் சூட்டுக்கு விட்ட வேலையை இங்கே புழு செய்தது. புனே நிறுவனம் ஒன்று மகாராஷ்டிரக் கிராமங்களில் கட்டிய புழுக் கழிப்பறைகளில் மனித மலமே புழுவின் தீனி.

உலோகத்தின் கதை வேறு. காட்மியமும் ஈயமும் குரோமியமும் தனிமங்கள். எந்தக் குடலும் அவற்றை உடைக்காது. மண்புழு அதில் ஒரு பகுதியைத் தன் குடலைச் சுற்றியிருக்கும் மஞ்சள் திசுவில் சேர்த்து வைத்துக்கொள்ளும், ஒரு பகுதியை மட்கோடு பிணைத்துப் பயிர் எளிதில் உறிஞ்சாதபடி ஆக்கும். ஆனால் கழிவு மட்கி எடை குறையக் குறைய, உரத்தில் எஞ்சும் உலோகத்தின் செறிவு கூடவும் செய்யும். அப்படிப்பட்ட கழிவில் வளர்த்த புழுவைக் கோழிக்கும் மீனுக்கும் போட்டால் உலோகம் சாப்பாட்டுத் தட்டுக்கே திரும்பும். மண்புழு எல்லா நஞ்சையும் போக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதை மறைத்துப் பேசுவது உழவனுக்குச் செய்யும் துரோகம்.

நகரக் குப்பை தொடர்பாக அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பின்னணியில் வந்த 2000ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகள், மட்கும் குப்பையைக் கையாளும் முறைகளில் ஒன்றாக மண்புழு உரத்தையும் பெயர் சொல்லிக் குறித்தன. நாடெங்கும் நகராட்சிகள் தொட்டி கட்டின. நகரங்களின் குப்பை பிரியாமல் வந்ததால் பல தொட்டிகள் புழுவுக்கு ஏற்றதாக அமையவில்லை. புதுச்சேரியின் குரும்பாபேட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கலந்து கொட்டிய குப்பையை அண்மை ஆண்டுகளில் தோண்டி, இயந்திரத்தில் சலித்துப் பிரிக்கிறார்கள். அந்த வேலையைக் குப்பை உருவான அன்றே வீட்டு வாசலில் செய்திருந்தால் புழுவிடம் கொடுத்திருக்கலாம். இரண்டாகப் பிரித்துத் தரும் வீட்டுப் பெண்களும், வெறுங்கையால் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுக்கும் தூய்மைப் பணியாளர்களும் இந்தத் தொழிலின் முதல் கட்டத்தைச் செய்கிறவர்கள். மண்புழு உரத்தின் வரலாற்றை எழுதும் யாரும் இவர்களைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமில்லை.

2006இல் உரக் கட்டுப்பாட்டு ஆணை திருத்தப்பட்டபோது மண்புழு உரத்துக்கும் தர அளவு வந்தது. அங்ககக் கரிமம் குறைந்தது 18 சதவீதம், ஈரம் 15 முதல் 25 சதவீதம். கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், குரோமியம் 50க்கும், நிக்கல் 50க்கும், ஈயம் 100க்கும் மேல் போகக்கூடாது. மூட்டையில் மண்புழு உரம் என்று அச்சிட்டிருந்தாலும் இந்த அளவு தாண்டினால் அது சட்டப்படி விற்கத் தகுதியற்றது. பாகூர் வயலுக்கோ தவளக்குப்பத்துத் தென்னைக்கோ மூட்டை வாங்குகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, புழு என்ன இனம் என்பதைவிட, அதற்குத் தீனியாக என்ன போட்டார்கள் என்பதைத்தான். வீட்டுச் சாணியும் தோட்டத்து இலையும் என்றால் கறுப்புக் குருணையை முகர்ந்து பார்த்தே வாங்கிப் போகலாம். நகரக் குப்பையோ ஆலைச் சேறோ என்றால், ஆய்வுக்கூட அறிக்கையைக் காட்டச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.